லைன் கெட்டிருந்த சனிக்கிழமைகள்

நான் பள்ளிக்கூடமே போகாதவன் இல்லை. போனேன். மலாக்காவில் அலோர் காஜாவுக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், வகுப்புக்குள் உட்கார்ந்ததைவிட வகுப்புக்கு வெளியே முட்டி போட்டதுதான் அதிகம். கொஞ்ச நாளில் வாத்தியாருக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் ஆகிவிட்டது. நான் வரமாட்டேன், அவர் தேடமாட்டார். இரண்டு பேரும் வாக்குத் தவறவில்லை. அதனால் இதை எழுதுகிறவன் நான் இல்லை. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் உட்கார்ந்து திருத்தித் தருகிறார். கெட்ட வார்த்தைகளை எல்லாம் அவர் எடுத்துவிட்டார். பாதிதான் மிச்சம்.

மலாக்கா டவுன் பக்கம் செங் என்ற இடத்தில் ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவியும் அங்கே ஒரு ஃபேக்டரியில்தான் வேலை பார்த்தாள். வேனில் முன் சீட்டு அவளுக்கு. போகும்போதும் வரும்போதும் நான் பேசுவேன், பின்னால் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "போதும்" என்பாள். எங்கள் குடும்ப வாழ்க்கையை யாராவது கேட்டால் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், ஆனால் முதல் வருஷத்துக்குள் முயற்சி பண்ண வேண்டும், வீட்டில் அவளோடு பேசிக்கொண்டே இருங்கள் என்று. பேசுவதற்கு எனக்குச் சொல்ல வேண்டுமா. வேனை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்து பேசினேன். "என்ன சாப்பிடுற, கஞ்சியா, ரொட்டியா? சரி, கஞ்சி. சூடா இருக்கா? இல்ல, ஆறிப்போச்சு." கேள்வியும் நானே, பதிலும் நானே. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடது கை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அதையும் தூக்கமாட்டாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அது மடியில் கிடக்கும்.

எங்களுக்கு ஒரே மகன். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் போன் பண்ணினான்.

"அப்பா, அங்க மலேசியாவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு இளைஞர் குழு இருக்கு. வீட்ல முடியாம இருக்கிறவங்களோட யூனிவர்சிட்டி பிள்ளைங்க வீடியோ கால்ல பேசுவாங்க. அம்மா பேரைக் கொடுத்திருக்கேன்."

"பேசி?"

"பேசித்தான். சும்மா பேசுவாங்க. வாலண்டியர்ப்பா. காசு கெடையாது."

"நான் சும்மா பேசாததா?"

"நீங்க பேசுறதுதாம்ப்பா பிரச்சினையே."

பெற்ற பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். நேராக நெஞ்சில் குத்துவான்.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்று சொன்னார்கள். டிவி மேசையில் ஒரு மைலோ டின்னை வைத்து, அதில் போனைச் சாய்த்து, எதிரே அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் சட்டை மாற்றிக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள், என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. அஞ்சு மணிக்குத் திரை வெளிச்சமானது. ஒரு பெண் பிள்ளை. ஆயர் குரோ யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், ஹாஸ்டல் அறையிலிருந்து பேசுகிறாள். பின்னால் கட்டில் கம்பியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"வணக்கம் அங்கிள். வணக்கம் ஆன்ட்டி. நான்தான் உங்க வாலண்டியர்."

சொந்த ஊர் கோலா சுங்கை பாரு பக்கம் என்றாள். உடனே நான் அந்தப் பக்கத்து மீன், அந்தப் பக்கத்து ரோடு, அந்தப் பக்கத்து ரோட்டில் என் வேன் ஒரு மீன் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மீன் நாற்றத்தோடு இறங்கியவர்கள் எல்லாம் வீட்டில் திட்டு வாங்கிய கதை என்று ஆரம்பித்துவிட்டேன். சிரித்தாள். நல்ல பிள்ளை, கடைசி வரைக்கும் சிரித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், ஆன்ட்டிகிட்ட பேசணும்னு எனக்குச் சொல்லியிருக்காங்க. நீங்க கொஞ்சம்..."

"வெளிய போயிடவா?"

"போக வேணாம் அங்கிள். பேசாம இருந்தா போதும்."

வெளியே போவது சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவள் பேசினாள், என் மனைவி சுவரைப் பார்த்தாள். முடிக்கும்போது, "ஓகே ஆன்ட்டி, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும். தம்ஸ் அப் காட்டுங்க" என்றாள். ஒவ்வொரு முறையும் பேசி முடித்ததும் இப்படிக் கட்டை விரலைக் காட்டி ஒரு படம் எடுத்து குழுவுக்கு அனுப்ப வேண்டுமாம். இந்தப் பிள்ளைகள் ஆன்லைனில் எது செய்தாலும் கடைசியில் இந்தப் படம் உண்டு. படம் இல்லையென்றால் அது நடக்கவே இல்லை. "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் எண்ணினாள். நான் இரண்டு கட்டை விரலையும் தூக்கி, பல் எல்லாம் தெரியச் சிரித்தேன். அந்தப் படத்தைப் பிறகு பார்த்தேன். லாட்டரி விழுந்தவன் ஒருவன், லாட்டரியைத் தொலைத்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமையோ நாலாவதோ, அன்றைக்குத்தான் லைன் கெட்டது.

ஹாஸ்டலில் எல்லாப் பிள்ளைகளும் சாயங்காலம்தான் போனை எடுப்பார்களாம், அதனால் வைஃபை இழுக்காதாம். "ஆன்ட்டி, இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். கேட்டதோடு திரை அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, கண் இரண்டும் என் மனைவியைப் பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் நின்றாள். எனக்கு நாக்கு அரித்தது. ஆனால் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறாளே, கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். போன் போய்விட்டதா என்று எழுந்து பார்க்கப் போனேன். அப்போது பின்னால் சத்தம் கேட்டது.

"க..."

திரும்பினேன். என் மனைவி அந்த நின்றுபோன முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகமும் அவளையே பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. அவசரம் இல்லை, வேறு வேலை இல்லை, பதிலை அதுவே சொல்லிவிடவும் இல்லை. என் மனைவியின் உதடு கோணிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, ரொம்ப நேரம் கழித்து, "கஞ்சி" என்றாள்.

லைன் திரும்பியது. "சாரி ஆன்ட்டி, வைஃபை போயிடுச்சு. என்ன சாப்ட்டீங்க?" என்றாள் அந்தப் பிள்ளை, ஒன்றும் தெரியாமல். நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. என் மனைவி இரண்டாவது தடவையும் சொன்னாள். "கஞ்சி."

அன்றைக்குப் படம் எடுக்கும்போது அந்த இடது கை மடியிலிருந்து எழுந்தது. கட்டை விரலை நீட்டினாள். "சத்து, டுவா, தீகா. ஓகே ஆன்ட்டி" என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகுதான் கையை இறக்கினாள். அது முதல் அப்படித்தான். அந்தப் பிள்ளை "ஓகே ஆன்ட்டி" என்று சொல்லும்வரை கை இறங்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வேண்டிக்கொண்டதெல்லாம், ஆண்டவா, ஆயர் குரோவில் லைன் கெடட்டும் என்பதுதான். கெட்டது. "தண்ணி" வந்தது. "மழை" வந்தது. ஒரு வாரம் "வேன்" வந்தது, நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பிள்ளை உறைந்து நின்ற நேரத்தில்தான் வந்தது. அவளுக்குப் பொறுமை அதிகம் என்று என் மகனிடம் சொன்னேன். பொறுமை வைஃபையினுடையது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளைத்தானே கும்பிட முடியும், வைஃபையை எப்படிக் கும்பிடுவது.

ஒரு நாள் என் மனைவி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நான் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்து அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

"ஏம்மா பாப்பா, சனிக்கிழமை சாயந்தரம் எந்தப் பிள்ளையும் ஊர் சுத்தத்தான் போவும். நீ எதுக்கு ஒரு கெழவிகிட்ட வந்து உக்காந்திருக்க?"

"உண்மையச் சொல்லவா அங்கிள்?"

"பொய் சொல்றதுக்கு நான் இருக்கேன்லா. நீ உண்மையச் சொல்லு."

"மெரிட்டுக்குத்தான் வந்தேன். வாலண்டியர் ஹவர்ஸ் இருந்தாத்தான் மெரிட் பாயிண்ட். பாயிண்ட் இல்லன்னா அடுத்த செம்முக்கு ஹாஸ்டல் ரூம் கெடைக்காது. வெளிய ரூம் எடுக்க எங்கப்பாவால முடியாது."

"அப்ப எங்க மேல பாசம் இல்ல."

"இப்ப இருக்கு அங்கிள். மொதல்ல இல்ல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் இதுதான் பெஸ்ட்டுன்னு சொல்லுவாங்க. பீச் கிளீனிங் போனா வெயில். ரத்தம் குடுத்தா ஊசி. இதுல கட்டில்ல உக்காந்துக்கிட்டே பண்ணலாம். மேல மட்டும் நல்ல சட்டை போட்டா போதும்."

"நம்ம வீட்டுக்கும் ஆயர் குரோவுக்கும் எவ்வளவு தூரம்? சிக்னல் எல்லாம் பச்சையா விழுந்தா ஒரு சாயா குடிக்கிற நேரம். ஒரு நாள் நேர்லயே வந்துடேன். பக்கத்து வீட்டு காரை எரவல் வாங்கிட்டு நான் வந்து ஏத்திக்கிறேன்."

"நேர்ல வந்தா ஹவர்ஸ்ல சேராது அங்கிள்."

"ஏன்?"

"இது ஆன்லைன் புரோகிராம்."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது. வீட்டுக்கு வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அது கணக்கில் வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான் கணக்கு. ஆனால் அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு அந்த ரூம் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் போட்டுக்கொண்டேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மாதக் கடைசியில் அந்தக் குழுவின் பொறுப்பாளர் எனக்குப் போன் பண்ணுவார். அவரும் சின்ன வயசுதான், பேச்சில் மட்டும் பேங்க் மேனேஜர். பேசினாள் என்பதற்கு அந்தப் படம் சாட்சி, எவ்வளவு நேரம் பேசினாள் என்பதற்கு வீட்டு ஆட்கள்தான் சாட்சியாம்.

"அங்கிள், இந்த மாசம் வாலண்டியர் மொத்தம் எத்தனை மணி நேரம் பேசுனாங்க?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேரு என்று சொல்வோம். முழு நாள் நின்றால் முழுப் பேரு. மழை வந்து பாதியில் திரும்பினால் அரைப் பேரு. வேலை வாங்கிப் பேரு போடுகிற எங்கள் மண்டோர் முரடர், ஆனால் மனசு உள்ளவர். காய்ச்சல்காரர், பிள்ளைத்தாய்ச்சி என்று பார்த்தால் அரைப் பேரை முழுப் பேராகப் போட்டுவிடுவார். யாரும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். என் அம்மா வயிற்றில் நான் இருந்தபோது அவளுக்கு அப்படித்தான் முழுப் பேரு விழுந்ததாம். அதாவது, நான் பிறப்பதற்கு முன்பே கள்ளக் கணக்கில் சாப்பிட்டவன். ஒருவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்றால் அவர் பேரைக் கூட்டிப் போட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு.

"நான் என்ன மணியா பார்த்தேன் தம்பி," என்றேன். "அந்தப் பாப்பா ஒவ்வொரு வாரமும் ரெண்டு மணி நேரம் பேசுதே."

பேசியது ஒரு மணி நேரம். அதிலும் பாதி நேரம் உறைந்து நின்றாள்.

"ரெண்டு மணி நேரமா? ரொம்ப டெடிகேட்டட்டா இருக்காங்களே."

"அப்பறம்? தங்கமான பிள்ளை. சில வாரம் மூணுகூட ஆவும்."

போனை வைத்துவிட்டு என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "நம்ம பாப்பாவுக்கு முழுப் பேரு போட்டுட்டேன்." அவள் என்னைப் பார்த்தாள். தோட்டத்தில் வளர்ந்தவள், புரிந்திருக்கும். அடுத்த மாதமும் அப்படியே சொன்னேன்.

அதற்கு அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை லைன் பளிச்சென்று இருந்தது. அந்தப் பிள்ளை பேச ஆரம்பிக்கும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அங்கிள், இன்னிக்குத்தான் லாஸ்ட் செஷன்."

"என்னம்மா, செமஸ்டர் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்குன்னு சொன்னியே?"

"ஆமா அங்கிள். ஆனா சிஸ்டத்துல என் ஹவர்ஸ் ஃபுல் ஆயிடுச்சு. எப்படின்னே தெரியல. ஃபுல்லானா அதுவே குளோஸ் ஆயிடும். உங்களுக்கு வேற வாலண்டியர் வருவாங்க." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நீங்க ஏதும் கூட்டிச் சொன்னீங்களா அங்கிள்?"

"நான் கணக்குல வீக்கும்மா."

அவள் முகத்தில் வருத்தம் வந்தது. பொய் வருத்தம் இல்லை, கண் கலங்கியது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரே நொடி, ஒரு நிம்மதி வந்து போனது. பரீட்சை வருகிறது, சனிக்கிழமை கையில் கிடைத்துவிட்டது, ரூமும் கிடைத்துவிட்டது. லைன் மோசமாக இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. அன்றைக்குப் பார்த்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"பிரேக் வந்ததும் நானே கூப்பிடுறேன் அங்கிள். கட்டாயம்."

பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன் என்று நான் என் மகனிடம் சொல்வேனே, அதே குரல்.

"சத்து, டுவா, தீகா," என்றாள். என் மனைவி கட்டை விரலைத் தூக்கினாள். "ஓகே ஆன்ட்டி. பை ஆன்ட்டி." திரை அணைந்தது. என் மனைவிக்கு அது கடைசி என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. பேச வேண்டிய நேரத்தில் மட்டும் எனக்கு வாய் வராது.

திங்கட்கிழமை பொறுப்பாளருக்குப் போன் பண்ணினேன்.

"தம்பி, நான் சொன்ன மணிக் கணக்கு தப்புப்பா. அந்தப் பாப்பா அவ்ளோ நேரம் பேசல. கொறைச்சுடு. அதையே திருப்பிப் பேச வையி."

"அங்கிள், அவங்க ஹவர்ஸ் கன்ஃபர்ம் ஆகி யூனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு. இப்ப தப்புன்னு சொன்னா, பொய் ஹவர்ஸ்னு அவங்க மேலதான் ரிப்போர்ட் போகும். மெரிட் எல்லாத்தையும் எடுத்துருவாங்க. ஹாஸ்டல்கூடப் போயிடலாம். நெசமாத்தான் சொல்றீங்களா? கொறைக்கவா?"

என் மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் முதுகுக்கு மேலே அவள் தலை தெரிந்தது. ஆயர் குரோவில் ஒரு கட்டில், அதில் காயும் ஒரு துண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் யார்.

"சும்மா ஜோக் அடிச்சேன் தம்பி," என்றேன். "பாப்பா பேசுச்சு. ரெண்டு மணி நேரம் பேசுச்சு."

"அலாமாக், அங்கிள். பயமுறுத்திட்டீங்க."

அவர் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளில் ஒருவர் உண்மையாகச் சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

புதிதாக ஒரு பையன் வந்தான். வந்தான் என்றால், திரை கறுப்பாக இருந்தது, அதற்குள்ளிருந்து குரல் வந்தது. கேமரா கெட்டுவிட்டது என்றான். நடுவில் நடுவில் டப் டப் என்று துப்பாக்கி சுடுகிற சத்தம் கேட்டது. அவன் ஏதோ கேம் விளையாடிக்கொண்டிருந்தான். நல்ல மரியாதையான பையன், சுடும்போதுகூட "சொல்லுங்க ஆன்ட்டி" என்பான். ஆனால் அவன் வீட்டு லைன் அவ்வளவு வேகம்.

"ஆன்ட்டி சாப்ட்டீங்களா? சாப்ட்டிருப்பீங்க. நல்லா தூங்குனீங்களா? ஓகே, குட். இன்னிக்கு வெளிய மழையா? இங்க மழை."

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு எறும்புகூட நுழைய முடியாது. என்னை மாதிரியே பேசினான். நான் பக்கத்தில் போய்க் கெஞ்சினேன்.

"தம்பி, நீ கொஞ்சம் லைன் கெட்ட எடமாப் பார்த்துப் போயி உக்காரேன்."

"எங்க வீட்ல ஃபைபர் அங்கிள். லைன் கெடவே கெடாது."

"அதான்ப்பா எனக்குக் கவலை."

அவன் சிரித்துவிட்டு மறுபடியும் சுட ஆரம்பித்தான். மூன்று வாரம் போனது. "கஞ்சி" போனது. "தண்ணி" போனது. முதலில் ஒரு "த" வரும், அதற்குள் அவன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான், அந்தத் "த" அப்படியே வாய்க்குள் திரும்பிப் போய்விடும். பிறகு அதுவும் வரவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். முடியும்போது அவன் படம் எடுப்பான், ஆனால் சொல்லாமல் எடுத்துக்கொள்வான். அவள் எப்போது விரலைத் தூக்குவது என்று தெரியாமல் ஆரம்பத்திலிருந்தே தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். கை நடுங்கும். நான் போய் இறக்கிவிடுவேன்.

மாதக் கடைசியில் பொறுப்பாளர் கூப்பிட்டார். அந்தப் பையனுக்கும் இரண்டு மடங்கு சொன்னேன். முடித்துக்கொண்டு சீக்கிரம் போகட்டும்.

மகனுக்குப் போன் பண்ணினேன். இவ்வளவு நாள் அவனிடம் எதையும் கேட்டதில்லை.

"டேய், சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நீ அம்மாவக் கூப்பிடு. வீடியோல. ஒரு கேள்வி கேட்டுட்டு அப்படியே சும்மா இரு. அது போதும்."

"சனிக்கிழமையாப்பா?" இழுத்தான். "சனிக்கிழமை சாயந்தரம் எனக்கும் செஷன் இருக்குப்பா."

"என்ன செஷன்?"

"அதே குழுதான். நானும் அதுல வாலண்டியர். ஈப்போல ஒரு தாத்தா இருக்காரு, கண்ணு தெரியாது. அவருக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவேன். வாலண்டியர் பண்ணுறவங்க வீட்டு ஆளுங்கன்னா மொதல்ல எடுத்துக்குவாங்க. அப்படித்தான் அம்மா பேரை உள்ள போட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு இடம் இருந்தால்தானே.

"ஈப்போ தாத்தாகிட்டப் பேச முடியுது. அம்மாகிட்டப் பேச முடியலியா?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. மூச்சு கேட்டது.

"அவரைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் ஆவலப்பா," என்றான். "படிக்கிறேன், சிரிக்கிறாரு, வச்சுடுறேன். மனசுக்கு நல்லா இருக்கு. அம்மா மூஞ்சியப் பார்த்தா அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு முடியல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

ஈப்போவில் அந்தத் தாத்தாவுக்கும் ஒரு மகன் இருப்பான். அவனும் சனிக்கிழமை அஞ்சு மணிக்கு எங்கேயோ ஒரு கிழவியிடம் நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். இந்தப் பிள்ளைகளை நான் திட்டவில்லை. திட்டினாலும் டீச்சர் எடுத்துவிடுவார். கெட்ட பிள்ளைகளாக இருந்தால் என் பாடு சுலபம். ஒருத்தியும் கெட்டவள் இல்லை, ஒருவனும் கெட்டவன் இல்லை. எல்லாரும் உதவிதான் செய்கிறார்கள். தன் கையைச் சுடாத தூரத்தில் நின்று செய்கிறார்கள். இந்த வேனோட்டி மட்டும் என்னவாம், அறையில் அவளோடு இருந்துகொண்டே ஒரு பதிலுக்குக் காத்திருக்கப் பயந்தவன்.

போன சனிக்கிழமை யாரும் இல்லை. பையன் வேறு வேலையில் ஏற்கெனவே பாதி மணி சேர்த்திருந்தானாம், என் கணக்கில் மீதியும் நிறைந்துவிட்டது, அடுத்த ஆள் இன்னும் வரவில்லை. ஆனால் நாலரை ஆகும்போதே என் மனைவி டிவி மேசைப் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டாள். நாற்காலியை வழக்கமான இடத்துக்குத் தள்ளினேன். போன் மைலோ டின்னில் சாய்ந்து கறுப்பாக இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தேன். ஒரு ஸ்டூலைப் போட்டு, அது இருந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னிக்கு என்ன சாப்ட்ட?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு அப்படியே உறைந்துபோனேன். வாய் பாதி திறந்தபடி, கண்ணைச் சிமிட்டாமல், தலையை அசைக்காமல் லைன் போன மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெளியே ரோட்டில் ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. நின்றுபோன ஆள் எப்படித் துடைப்பது.

முதலில் அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இவன் மறுபடியும் கோமாளித்தனம் பண்ணுகிறான் என்ற பார்வை. பிறகு அந்தப் பார்வை மாறியது. என் முகத்தை உற்றுப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது. கழுத்து நரம்பு எழுந்தது. வருகிறது. வந்துவிட்டது.

"க..." என்றாள்.

"கஞ்சிதானே?" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாய்தான். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. வேனில் அத்தனை வருஷம் பேசிப் பேசிப் பழகிய வாய், அவள் தவிப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கை கொடுக்கப் போனது.

அவள் உதடு மூடிக்கொண்டது. நரம்பு இறங்கியது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இடது கையை எடுத்து, கட்டை விரலை நீட்டி எனக்கு நேராகக் காட்டினாள். செஷன் முடிந்தது என்று அர்த்தம்.

போனைக் கையில் எடுத்தேன். "சத்து, டுவா, தீகா," என்றேன். படம் எடுத்தேன். "ஓகே," என்றேன். கை இறங்கவில்லை. "ஓகே ஆன்ட்டி," என்று அந்தப் பிள்ளை சொல்கிற மாதிரியே மெலிசாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் கண் என் முகத்தைத் தாண்டி மைலோ டின்னுக்குப் போனது. விரல் அப்படியே நின்றது.

இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இறக்கிவிடவில்லை. அதுவாக இறங்கும்வரை பிடித்திருந்தேன். நான் ஒன்றும் பேசவில்லை.